'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை மறுபடி கேட்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் 1959 ஆகஸ்ட்டில் வெளியானது. ஒரு காலத்தில் ஓயாமல் கேட்டுவிட்டு, அப்புறம் வருடக்கணக்கில் தொடாமல் விட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் நினைவில் தங்கியிருப்பது பெரும்பாலும் ட்ரம்பெட் மட்டும்தான். திரும்பக் கேட்கும்போதும் காது அதையே தேடிப் போகிறது. டேவிஸ் தலைமையில் வந்த ஆல்பம்தான். ஆனால் கூட இருப்பவர்களைக் கவனிக்காமல் கேட்டால் அதில் பாதி கைநழுவிப் போகும்.

முதல் தவறு, போன் ஸ்பீக்கரில் கேட்பது. 'ஸோ வாட்' பாட்டின் மெட்டை வாசிப்பது ட்ரம்பெட் இல்லை, பால் சேம்பர்ஸின் டபுள் பேஸ் என்ற பெரிய தாழ்சுருதித் தந்தி வாத்தியம். அவர் ஒரு வரி வாசிக்க, மற்றவர்கள் இரண்டே அடியில் பதில் சொல்கிறார்கள். சின்ன ஸ்பீக்கரில் பேஸ் அமுங்கிவிடும், பதில் மட்டும் காதில் விழும், கேள்வி விழாது. ஒற்றைக் காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்பதும் வேண்டாம். ஸ்டீரியோ பதிவில் ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸஃபோன் ஒரு பக்கம், கேனன்பால் ஆடர்லியுடையது மறுபக்கம். கோல்ட்ரேன் முட்டி மோதித் தேடுவதும் ஆடர்லி சிரித்தபடி துள்ளுவதும் அடுத்தடுத்து வரும்போதுதான் இருவரும் எவ்வளவு வேறு என்று புரியும்.

அந்தப் பாட்டின் தொடக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பியானோவும் பேஸும் தாளக்கட்டு இல்லாமல் மெல்லப் பேசிக்கொள்ளும் இடம் அது. அதிலிருந்தே கேட்டுக்கொண்டு வாருங்கள். ஒன்றரை நிமிடம் தாண்டி, டேவிஸின் தனி வாசிப்பு தொடங்கும் கணத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒரு அடி அடிப்பார். அதுவரை கட்டி வைத்திருந்த அமைதியோடு கேட்டால்தான் அந்த அடி உடம்பில் இறங்கும்.

கர்நாடக இசை பழகியவர்கள் 'ஸோ வாட்'டில் கரகரப்பிரியாவின் சுரங்களை உடனே பிடித்துவிடுவார்கள். டோரியன் ஸ்கேலும் அதே சுரங்கள்தான், அது சரி. ஆனால் ராக ஆலாபனை போல ஒரே சுருதியை மனதில் பிடித்துக்கொண்டு கேட்டால் பாட்டு தப்பிப்போகும். 16 பார்கள் (ஒவ்வொன்றும் நான்கு தட்டு கொண்ட தாளச் சுற்று) முடிந்ததும் ஆதார சுருதியே அரைச்சுரம் மேலேறி, 8 பார்கள் அங்கே நின்று, மறுபடி இறங்குகிறது. அந்த ஏற்றத்துக்காகக் காத்திருந்து கேளுங்கள். ஒவ்வொருவரும் அதற்குள் எப்படி நுழைகிறார் என்பதில்தான் எனக்கு இன்றும் அலுக்காத சுகம் இருக்கிறது.

'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' பாட்டில், மற்ற பாட்டுகளில் பியானோ வாசிக்கும் பில் எவன்ஸைத் தேட வேண்டாம். அதில் மட்டும் பியானோ விண்டன் கெல்லி. அந்தப் பாட்டு 12 பார்கள் சுற்றிச் சுற்றி வரும் ப்ளூஸ், அதற்கு அவருடைய துள்ளல்தான் பொருத்தம். 'ப்ளூ இன் க்ரீன்' பாட்டில் ஆடர்லி வாசிக்கவே இல்லை.

பழைய எல்பி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆவது தெரு ஸ்டுடியோவில் பதிவு நடந்தபோது மாஸ்டர் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டியதால் முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் சுருதி சற்றே ஏறி வெளியாகின. சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பைக் கொண்டு 1992 மறுபதிப்பில்தான் இதைத் திருத்தினார்கள். பழைய எல்பியோடு பழகிய காதுக்குத் திருத்திய பதிப்பு தொய்வாகத் தோன்றலாம். அதை வைத்துப் பதிப்பு மோசம் என்று முடிவுகட்டக் கூடாது. எல்பியோடு கூடவே வாசித்துப் பழகுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், இரண்டு சுருதிக்கு நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. 1997 பதிப்பிலிருந்து 'ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்' பாட்டின் இன்னொரு டேக்கும் (அதே பாட்டை வாசித்த வேறொரு பதிவு) ஆல்பத்தின் முடிவில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அருமையான வாசிப்புதான். ஆனால் மூல ஆல்பம் ஐந்து பாட்டுகளோடு முடிந்துவிடுகிறது. ஐந்தாவது முடிந்ததும் நிறுத்திவிட்டு, அந்த டேக்கை வேறொரு நாள் தனியாகக் கேளுங்கள்.