ஜாக்கி பம்பு ஓயாமல் ஓடியதற்குக் காரணம்

திருப்பூரில் ஒரு பனியன் குடோன். தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் லைனின் ஜாக்கி பம்பு (லைனில் அழுத்தம் குறையாமல் காக்கும் சின்னப் பம்பு) சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடி ஓடி நின்றது. லைன் அழுத்தம் 6 கிலோவுக்கு இறங்கினால் ஓடி, 7 கிலோவில் நிற்கும்படி செட்டிங். தீப்பிடித்தால் தண்ணீர் தரும் மெயின் பம்பு 5 கிலோவில் ஓட வேண்டும். குடோன் ஆட்கள் சத்தம் தாங்காமல் ஜாக்கியை ஆஃப் செய்யச் சொன்னார்கள். அதை மட்டும் செய்யவே கூடாது. அப்புறம் சின்னக் கசிவுக்கெல்லாம் மெயின் பம்பு ஓடும். அந்தத் தொல்லைக்காக அதையும் யாராவது மேனுவலில் போட்டுவிட்டால், தீப்பிடிக்கும் நேரத்தில் தண்ணீரே வராது.

குடோனுக்குள் ஸ்பிரிங்க்ளர் ஹெட், கப்ளிங், டிரெயின் வால்வு எல்லாம் காய்ந்து கிடந்தன. சரி, பம்பு ரூமைப் பார்ப்போம் என்று, தீக் காவலுக்கு ஆள் நிறுத்திவிட்டு, மேலே போகும் லைனின் வால்வை மூடினேன். ஜாக்கியையும் நிறுத்தினேன். அப்போதும் கேஜ் முள் இறங்கியது. அடுத்து மெயின் பம்பின் டெலிவரி வால்வை மூடினேன். முள் அப்படியே நின்றது. அந்தப் பம்பின் என்ஆர்வி (தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) வழியாகத்தான் தண்ணீர் திரும்பத் தொட்டிக்குப் போயிருக்கிறது.

அதைக் கழற்றினால், உள்ளே கதவுக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் நடுவே அரிசி அளவு வெல்டிங் கசடு. ரப்பர் சீலிலும் அதே அளவு பள்ளம். சீலை மாற்றி, லைனை ஃப்ளஷ் செய்து பூட்டினேன். வால்வுகளையெல்லாம் திறந்து, சுவிட்சுகளை ஆட்டோவில் போட்டு, அழுத்தம் இறங்க டெஸ்ட் லைனைத் திறந்தேன். 6-இல் ஜாக்கி, 5-இல் மெயின், வரிசை மாறாமல் ஓடின.