பிள்ளைகளோடு ஒரு நாள் வெளியே போய் வர, ஒரே ஒரு கேள்வி போதும்

முதல் தடவை நாங்கள் செய்த கூத்தைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் பாலருவி, தென்மலை, புனலூர் தொங்குபாலம் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வாடகைக் கார் பிடித்து, காலை ஐந்தரைக்குச் செங்கோட்டையிலிருந்து கிளம்பினோம். ஆரியங்காவு தாண்டுவதற்குள் சின்னவன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான், பெரியவள் பாதி வழி தூங்கினாள், ராத்திரி ஆச்சி “என்னல்லாம் பாத்தீங்க?” என்று கேட்டதற்கு இரண்டு பேரும் சேர்ந்து சொன்னது: “சிப்ஸ் வாங்கித் தந்தாங்க ஆச்சி.”

அதற்கப்புறம் இடத்தை முதலில் தேடுவதை விட்டுவிட்டேன். பிள்ளை ஏற்கெனவே கேட்டுவைத்த கேள்வி ஒன்றை எடுத்து, அதற்குப் பதில் எங்கே கிடக்கிறதோ அங்கே போவது. நாங்கள் போன ஒரு பயணத்தை வைத்தே சொல்கிறேன், உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: கேள்வியைப் பிடியுங்கள்

ஜூன் மாதம் எங்கள் பக்கம் வெயிலும் அடிக்கும், சாரலும் விழும். மாடியில் துணி எடுக்கும்போது மகள் கேட்டாள்: “மேகம்லாம் மலைக்கு அந்தப் பக்கம்தான நிக்குது, இங்க ஏம்மா தூத்துது?” நல்ல கேள்வி. உடனே பதில் சொல்லவில்லை, காலண்டர் அட்டையில் எழுதி வைத்தேன். உங்களிடம் இப்போது கேள்வி இல்லையென்றால் ஒரு வாரம் காதைத் திறந்து வைத்திருங்கள், தானாக வரும்.

இரண்டாம் படி: முந்தைய நாள் அடுப்படியில் ஒரு சின்ன சோதனை

எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். வெளியே முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். டம்ளர் ஓட்டையா என்று சின்னவன் அடியைத் தடவிப் பார்த்தான். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த இடத்தில் நீராகிறது, அவ்வளவுதான். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி மேலே ஏறும்போது இப்படித்தான் குளிர்ந்து, பெரும்பாலான மழையைக் கேரளத்துப் பக்கமே கொட்டிவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக நம் பக்கம் தப்பி வரும் மிச்சம்தான் குற்றாலம், தென்காசி, செங்கோட்டைச் சாரல். கிழக்கே போகப் போக அதுவும் இல்லை. இதை அன்றைக்கு முழுதாக விளக்கவில்லை, “நாளைக்கு மலைக்குள்ள போய்ப் பாப்போம்” என்பதோடு நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் படி: போகும்போது ரயில், வரும்போது பஸ்

இதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். செங்கோட்டை - புனலூர் பாதை 1904-இல் மீட்டர் கேஜாக வந்தது, அகலப்பாதையாகி மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது 2018-இல். பகவதிபுரம் தாண்டியதும் ஒரு நீளமான சுரங்கம் வரும். அது வருவதற்கு முன் ஜன்னலில் கண்ட மூன்று பொருள், வெளியே வந்தபின் கண்ட மூன்று பொருள், இதை மட்டும் பிள்ளைகள் எழுதினால் போதும். என் மகள் முன்னால் எழுதியது வயல், ஆடு, காய்ந்த புல். பின்னால் எழுதியது ரப்பர், ரப்பர், ரப்பர். ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் தமிழ் போய் மலையாளம் வந்துவிட்டதைக் கவனித்தது சின்னவன்தான், இன்னும் தமிழே சரியாகப் படிக்கத் தெரியாதவன். 1956 நவம்பர் 1 வரை நம் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது என்று அந்த இடத்தில் சொன்னால் மனதில் நிற்கும்.

ரயில் நேரம் மாறிக்கொண்டே இருக்கும், முந்தைய நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பை

மாற்றுத்துணி ஒரு செட், துண்டு, குடை, கொஞ்சம் புளியோதரை, எலுமிச்சம்பழம், இரண்டு காலிக் கவர் (வாந்திக்கு). அவரவர் தண்ணீர் பாட்டிலை அவரவர் தூக்கட்டும். போன் உங்கள் பைக்குள்ளேயே கிடக்கட்டும்.

ஐந்தாம் படி: போன இடத்தில் அவசரப்படாதீர்கள்

புனலூரில் நாங்கள் பார்த்தது ஒரே இடம், கல்லடை ஆற்றுத் தொங்குபாலம். 1877-இல் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கட்டியது, இப்போது நடந்து போக மட்டும்தான். முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். பாலத்தைத் தாங்குவது எது என்று அவர்களே சங்கிலியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போய்க் கல்தூண் வரை கண்டுபிடித்தார்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்புறம் சாப்பாட்டுக் கடை. பரிமாறுகிறவர் “வெள்ளம் வேணோ?” என்று கேட்டதும் சின்னவன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, “வெள்ளம் வந்தா எப்படிம்மா வீட்டுக்குப் போறது?” என்றான். வந்ததோ இளஞ்சிவப்பாக, ஆவி பறக்கும் தண்ணீர். ரசம் என்று நினைத்து உப்புப் பார்த்தான். பதிமுகம் என்ற மரச்சிராய் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் என்று கடைக்காரர் அந்தச் சிவப்புச் சிராய் ஒன்றையே எடுத்து வந்து காட்டினார். நான் திட்டத்தில் எழுதாத பாடம் அது, அவர்கள் இன்றைக்கும் அதிகம் பேசுவதும் அதைப் பற்றித்தான்.

ஆறாம் படி: திரும்பும் வழி

பஸ்ஸில் வரும்போது கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலம் ரோட்டை ஒட்டியே நிற்கும். காலையில் ரயிலில் அதன் மேலேயே போயிருப்போம், மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு வளைவு எதுவும் தெரியாது. கீழேயிருந்து பார்க்கும்போது, “நாம இது மேலயா போனோம்?” என்று மகள் கேட்டாள் பாருங்கள், அதற்காகவே பஸ். மழை இல்லையென்றால் இறங்கிக் கண்களை எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பன்னிரண்டு, ஒருவருக்குப் பதினான்கு, மூன்றாம் தடவையில்தான் கணக்கு ஒத்துவந்தது. வளைவுப் பாதையில் வாந்தி வருகிற பிள்ளையை முன் சீட்டில் உட்காரவைத்து நேரே ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பசியோடு வந்தால் பிரானூர் பார்டரில் புரோட்டா இருக்கிறது.

எப்போது போகலாம்

சாரல் கேள்விக்கு ஜூன், ஜூலைதான். ஆனால் கேரளத்தில் கனமழை எச்சரிக்கை இருந்தால் கண்டிப்பாகத் தள்ளிப்போடுங்கள், மலைப்பாதையில் மண் சரியும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் ஆரியங்காவு வழியெல்லாம் இருக்கும், சின்னப் பிள்ளைகளோடு ரயிலில் இடம் பிடிப்பது கஷ்டம்.

கடைசிப் படி: வீட்டுக்கு வந்து பரீட்சை வைக்காதீர்கள்

“என்ன கத்துக்கிட்ட, சொல்லு” என்று கேட்டால் அடுத்த தடவை வரமாட்டார்கள். நான் காலண்டர் அட்டையை மட்டும் மேசையில் வைத்தேன். மறுநாள் காலை மகள் ஆச்சிக்கு ஐஸ் டம்ளரை வைத்து மழை பாடம் நடத்திக்கொண்டிருந்தாள், ஆச்சி அந்தத் தண்ணீரில் மோர் கலக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அட்டையில் பழைய கேள்விக்குக் கீழே சின்னவன் சொல்லி அக்கா எழுதியது: “ரப்பர் மரத்துல ஏன் சட்டி கட்டிருக்காங்க?”