தீர்ப்பு வந்தால் எங்கே பார்க்க வேண்டும்

அரசுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் நேர்மையான நீதிபதி, ஆதரவாக வந்தால் விலைபோனவர் என்று சட்டென்று முடிவு கட்டுவதை முதலில் விட்டுவிடுங்கள். அரசு சொல்வது சட்டப்படி சரியாக இருக்கிற வழக்குகளும் உண்டு. வழக்கு எப்போது எடுக்கப்பட்டது, எந்த நீதிபதி மற்றவர்களோடு உடன்படாமல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார், அந்த நீதிபதிக்கு அப்புறம் என்ன ஆனது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

மாறுபட்ட தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள். நெருக்கடி நிலையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் தங்களை அடைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் 4-1 என்ற கணக்கில் முடியாது என்றது. அந்த ஒருவர் எச்.ஆர்.கன்னா. பணிமூப்புப்படி அடுத்த தலைமை நீதிபதி அவர்தான், எழுதினால் பதவி போகும் என்று தெரிந்தே எழுதினார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி எம்.எச்.பெக்கை நியமித்தார்கள், கன்னா ராஜினாமா செய்தார். பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறு என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 ஆனது. ஒரு நாட்டின் உரிமைகள் சில சமயம் ஒரே ஒரு மனிதரின் பேனாவில் தொங்கும் என்பதை இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் உணர்கிறேன். தீர்ப்புகள் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் இலவசம், சில தமிழிலும் உண்டு, செய்தித்தாள் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, தேதிகளைக் குறித்து வையுங்கள். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத்தை எதிர்த்து 2017லேயே மனு போட்டார்கள், ரத்தானது 2024 பிப்ரவரி 15 அன்று. ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன நல்ல தீர்ப்பு, சரி. ஆனால் அதற்குள் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்று, பல தேர்தல்களும் முடிந்துவிட்டன. அரசுக்கு எதிரான வழக்கைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது அரசுக்குச் சாதகமான உத்தரவு மாதிரிதான்.

நியமனத்தையும் கவனியுங்கள். நீதிபதிகளின் பெயர்களைப் பரிந்துரைக்கும் உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் ஒரு பெயரைத் திரும்ப வலியுறுத்தினால் அரசு ஏற்றாக வேண்டும், மூன்று நான்கு வாரத்தில் நியமிக்க வேண்டும் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் இருக்கிறது, ஆனாலும் கோப்பை அப்படியே வைத்திருக்க முடிகிறது. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட வழக்கறிஞர் ஜான் சத்யன் பிரதமரை விமர்சித்த கட்டுரை ஒன்றைப் பகிர்ந்தார் என்பது உளவுத்துறையின் ஆட்சேபம். அது தகுதியைப் பாதிக்காது என்று 2023 ஜனவரியில் கொலீஜியம் மறுபடி பெயரை அனுப்பியது. அவருக்குப் பின்னால் பரிந்துரைக்கப்பட்டவர்கள் அவருக்கு முன்னால் நீதிபதியானார்கள். கொலீஜியம் தன் தீர்மானங்களை வெளியிடுகிறது, ஒவ்வொரு பெயரும் எத்தனை மாதம் காத்திருக்கிறது என்று நீங்களே எண்ணலாம்.

கடைசியாக, ஓய்வுக்குப் பின் நீதிபதிக்குக் கிடைக்கும் பதவி. இந்த மூவருமே இந்தியாவின் தலைமை நீதிபதிகளாக இருந்தவர்கள். ரங்கநாத் மிஸ்ரா 1998ல் காங்கிரஸ் சார்பில் மாநிலங்களவைக்குப் போனார். சதாசிவம் ஓய்வுபெற்ற 2014லேயே கேரள ஆளுநரானார். ரஞ்சன் கோகோய் ஓய்வுபெற்ற நான்கே மாதத்தில், 2020 மார்ச்சில், மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். இதை மட்டும் வைத்து அவர்கள் எழுதிய தீர்ப்புகள் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படி ஒரு பதவி அறிவிக்கப்பட்டால், அவர் கடைசி ஓராண்டில் அரசு சம்பந்தப்பட்ட எந்தெந்த வழக்குகளைக் கேட்டார், எதை எடுத்தார், எதைத் தள்ளிவைத்தார் என்று அன்றே உட்கார்ந்து பட்டியல் போடுங்கள்.