ஷோஸ்தகோவிச்சின் ஐந்தாம் சிம்பொனியைக் கேட்பது எப்படி: டர்பன் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

சோவியத் இசையமைப்பாளர் டிமித்ரி ஷோஸ்தகோவிச் 1937-ல் எழுதிய ஐந்தாம் சிம்பொனியைப் பற்றிப் படித்தவர்கள் பலர். அதை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்டவர்கள் அவர்களைவிடக் குறைவாகத்தான் இருப்பார்கள் என்பது என் சந்தேகம். ஸ்டாலின், சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் பிராவ்தா நாளேடு, அரை மணி நேரக் கைதட்டல் என்று அதைச் சுற்றியுள்ள வரலாறு அவ்வளவு விறுவிறுப்பானது. முடிவில் ஒலிப்பது வெற்றியா, வெற்றியைப் போன்ற கேலியா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. அந்த வழக்கின் தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு கேட்பவருக்குப் பாதிக் காது அடைத்துப்போகிறது. ஆகவே முதலில் இசை, பிறகு வரலாறு, மறுபடியும் இசை என்ற வரிசையில் போகச் சொல்கிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வார இறுதி வகுப்புகளில் வாய்ப்பாட்டோ வீணையோ கற்றவர்களையும், காவடியின்போது உடுக்கையும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்தவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மேற்கத்திய இசைப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

கேட்பதற்கு முன்

படைப்பு சுமார் 45 நிமிடம் நீளும். நான்கு பகுதிகள் கொண்டது. கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். தொடக்கமே தாழ்ந்த குரலுடைய தந்தி வாத்தியங்களான செல்லோவும் டபுள் பேஸும் வாசிப்பது. நடுவில் பியானோ கீழ் ஸ்தாயியில் இடிக்கிறது. அவற்றையெல்லாம் கைப்பேசி விழுங்கிவிடும். நல்ல ஹெட்ஃபோனோ பெட்டி ஒலிபெருக்கியோ வேண்டும். ஒலியளவைத் தொடக்கத்தை வைத்து அமைக்காமல், முதல் பகுதியின் நடுவில் வரும் அணிவகுப்பைக் கொஞ்சம் ஓடவிட்டு அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். சாட்ஸ்வொர்த்தில் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீட்டில் இருப்பவர்களுக்கு இது அண்டை வீட்டாரோடு உள்ள உறவையும் காப்பாற்றும். பிப்ரவரிப் புழுக்கத்தில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாதுதான்; ஆனால் முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் முடிகிற மெல்லிய ஒலி அந்த விசிறி இரைச்சலில் காணாமல் போகும். முடிந்தால் ஜூன், ஜூலை மாலைகளைத் தேர்ந்தெடுங்கள். லோட் ஷெடிங் (சுழற்சி முறை மின்வெட்டு) அனுபவம் உள்ள நாம் பதிவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

எந்தப் பதிவு என்றால், எவ்கேனி ம்ராவின்ஸ்கி லெனின்கிராது (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்திய பதிவுகளில் ஒன்றைச் சொல்வேன். இதன் முதல் அரங்கேற்றத்தை நடத்தியவர் அவரே. லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் பில்ஹார்மோனிக்குடன் 1959-ல் செய்த பதிவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டாம் சுற்றுக்கு.

முதல் சுற்று

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர் ராகம் எது, தாளம் எது என்று தேடிக் கையால் தாளம் போடத் தொடங்குவார். இங்கே அது உதவாது. சுருதியும் காலப்பிரமாணமும் நடுவழியில் மாறிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு சங்கதியைப் பிடித்துக்கொண்டு, அது எங்கெங்கே என்னென்ன உருவில் வருகிறது என்று பின்தொடருங்கள்.

முதல் பகுதியில் கீழ்த் தந்திகள் சட்டென்று மேலே தாவுகின்றன. வயலின்கள் அதையே ஒரு கணம் தள்ளி எதிரொலிக்கின்றன. பிறகு வயலின்களில் இறங்கிவரும் மெட்டில் ரிஷபம் தாழ்ந்து ஒலிப்பதால் தோடியின் சாயல் லேசாகத் தட்டும். சற்று நேரத்தில், நெடில் ஒன்றும் குறில் இரண்டுமாகத் துடிக்கும் பின்னணியின் மேல், வயலின்கள் மிக உயரத்தில் நீண்ட ஸ்வரங்களைப் பாடுகின்றன. இந்த மெட்டுகளை நினைவில் வையுங்கள். நடுப்பகுதியில் பியானோ கீழிருந்து இடிக்க, ஹார்ன்கள் முரட்டுக் குரலில் நுழைகின்றன. சிறிது நேரத்தில், தொடக்கத்தில் தனிமையில் நடந்த அதே மெட்டு டிரம்பெட்டும் பக்க முரசும் சேர்ந்து படை நடையாக வருகிறது. முன்பு கேட்ட மெட்டுதான் இது என்று உங்கள் காது தானாகவே கண்டுகொண்டால், முதல் பகுதியில் பிடிக்க வேண்டியதைப் பிடித்துவிட்டீர்கள். புயல் ஓய்ந்தபின் புல்லாங்குழலும் ஹார்னும் உரையாடும். மணி போல ஒலிக்கும் சிறு விசைப்பலகை வாத்தியமான செலஸ்டா அரையரை ஸ்வரமாக ஏறிப் பகுதி முடியும்.

இரண்டாம் பகுதி ஐந்து நிமிடத்தில் முடியும் முரட்டு நடனம். மும்மூன்று எண்ணிக்கையில் போகும். ஹார்ப் துணையுடன் ஒற்றை வயலின் சற்று அலட்டிக்கொண்டு வாசிக்கும் இடத்தில் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

மிக மெதுவாகச் செல்லும் மூன்றாம் பகுதியான லார்கோவில் டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டூபா அனைத்தும் வாய் மூடியிருக்கின்றன. வழக்கமாக இரண்டாகப் பிரியும் வயலின்களை மூன்றாகவும், வியோலாக்களையும் செல்லோக்களையும் இரண்டிரண்டாகவும் பிரித்திருக்கிறார். அதனால் இது ஓர் இசைக்குழு வாசிப்பதாக அல்லாமல், பலர் கூடித் தாழ்ந்த குரலில் பாடுவதாகவே கேட்கிறது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் இறுதிச் சடங்குப் பாடல்களின் சாயல் இதில் உண்டென்று ஆய்வாளர் சிலர் சுட்டுகிறார்கள். தந்திகள் ஏறக்குறைய அசையாமல் நடுங்கிக்கொண்டிருக்க, ஓபோ என்ற துளை வாத்தியம் தனியாகப் பாடும் இடம் ஒன்று வரும். அந்த மெட்டையே பிறகு செல்லோக்கள் தம் உச்சத் தந்தியில் முழு பலத்துடன் வாசிக்கின்றன. அதற்கு வழிவிடும் உச்சக்கட்டத்தில் சைலோஃபோன் எலும்பு தட்டுவது போல ஒலிக்கும். இந்தப் பகுதியை மட்டும் உடனே இரண்டாம் முறை கேட்க வேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள். நான்காம் பகுதி காத்திருக்கும்.

நான்காம் பகுதி டிம்பனி என்ற பெரிய முரசின் அடியுடன் பித்தளை வாத்தியங்களின் கூவலாகப் பாய்ந்து வருகிறது. வேகம் கூடிக்கொண்டே போய் உடைகிறது. ஒரு நீண்ட அமைதி வருகிறது. பிறகு முரசு மெல்லத் தொடங்கி இறுதி முழக்கத்திற்கு இட்டுச் செல்கிறது. வெற்றியா கேலியா என்று இப்போது முடிவு செய்யாதீர்கள்.

வரலாறு

ஷோஸ்தகோவிச்சின் 'ம்த்சென்ஸ்க் மாவட்டத்து லேடி மேக்பெத்' என்ற ஓபரா (பாட்டு நாடகம்) 1934-ல் அரங்கேறி, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் புகழுடன் ஓடியது. 1936 ஜனவரி 26 அன்று ஸ்டாலின் மாஸ்கோவில் அதைப் பார்க்க வந்து, முடியும் முன்பே எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து, 'இசைக்குப் பதில் குழப்பம்' என்ற தலைப்பில் கையெழுத்தில்லாத கட்டுரை ஒன்று பிராவ்தாவில் வந்தது. இந்த விளையாட்டு மிக மோசமாக முடியக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. கட்சி ஏட்டில் பெயரில்லாமல் வருவது தனி விமர்சகரின் கருத்தன்று, கட்சியின் குரல் என்பது எல்லோருக்கும் தெரியும். பிப்ரவரியில் அவருடைய பாலே ஒன்றின் மேலும் அதே ஏடு பாய்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில், ஒத்திகையில் இருந்த நான்காம் சிம்பொனி விலக்கிக்கொள்ளப்பட்டது. அது மேடையேற 1961 வரை ஆயிற்று.

இதே காலத்தில் அவருடைய அக்காளின் கணவர் கைது செய்யப்பட்டார், அக்காள் நாடு கடத்தப்பட்டார், மாமியார் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு ஆதரவாக இருந்த மார்ஷல் துகாசெவ்ஸ்கி 1937 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்தாம் சிம்பொனி எழுதப்பட்டது அவ்வாண்டு ஏப்ரலிலிருந்து ஜூலை வரை. துகாசெவ்ஸ்கியின் மரணச் செய்தி வந்தபோது இந்தத் தாள்கள் மேசைமேல் இருந்தன.

1937 நவம்பர் 21 அன்று லெனின்கிராதில் முதல் அரங்கேற்றம். ம்ராவின்ஸ்கிக்கு அப்போது வயது 34. லார்கோவின்போது அரங்கில் பலர் அழுதார்கள் என்றும், முடிந்தபின் கைதட்டல் அரை மணி நேரத்திற்கும் மேல் நீடித்தது என்றும், ம்ராவின்ஸ்கி இசைத்தாளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார் என்றும் அங்கிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதிகாரிகளுக்கு அந்தக் கைதட்டலே சந்தேகத்தைக் கிளப்பியது. ஆட்களைத் தேர்ந்தெடுத்து அரங்கை நிரப்பினார்களோ என்று விசாரித்தார்கள். 'நியாயமான விமர்சனத்துக்கு ஒரு சோவியத் கலைஞரின் படைப்புப் பதில்' என்ற புகழ்பெற்ற வாசகத்தைப் பலர் இசையமைப்பாளரே தலைப்பாக வைத்ததென்று நினைக்கிறார்கள். அது ஒரு பத்திரிகையாளர் எழுதியது. 1938 ஜனவரியில் தம் பெயரில் வந்த கட்டுரையில் ஷோஸ்தகோவிச் அதை ஏற்றுக்கொண்டார்.

இரண்டாம் சுற்று: கடைசி நிமிடங்கள்

இப்போது நான்காம் பகுதியின் முடிவை மட்டும் எடுங்கள். இசை டி மைனரிலிருந்து டி மேஜருக்கு மாறிவிட்டது. நம் மொழியில் சொன்னால் நடபைரவிச் சாயல் போய்ச் சங்கராபரணச் சாயல் வந்துவிட்டது. டி என்பதை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், தந்திகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பது பஞ்சமம். இருநூறுக்கும் மேற்பட்ட தடவை அதே ஒரு ஸ்வரம். கடைசியில் டிம்பனி அடிப்பதும் பஞ்சமமும் ஸட்ஜமும்தான். தம்புரா மீட்டும் அந்த இரண்டு ஸ்வரங்களும் நமக்கு இளைப்பாறும் இடங்கள். இங்கே இளைப்பாறலே கிடையாது. பித்தளை வாத்தியங்களின் முழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு முறை அந்தப் பஞ்சமத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். வயலின்காரர்களின் வில் எத்தனை தடவை ஒரே இடத்தில் உரசுகிறது என்று உணர்ந்தபின், மகிழ்ச்சி என்ற சொல்லை அவ்வளவு எளிதாகப் பயன்படுத்த மாட்டீர்கள்.

பிறகு இரு பதிவுகளையும் அடுத்தடுத்து வையுங்கள். ம்ராவின்ஸ்கி கனத்த நடையில் முடிக்கிறார். பெர்ன்ஸ்டைன் பாய்ந்தோடி முடிக்கிறார். அச்சான இசைத்தாள்களிலேயே இந்த இடத்தின் வேகக் குறிப்பு பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுவதால், இரு தரப்புக்கும் சான்று உண்டு. வேகமாகப் போனால் அந்தப் பஞ்சமம் மினுமினுப்பு. மெதுவாகப் போனால் சம்மட்டி. ஸ்வரங்கள் ஒன்றே என்பதால், வெற்றியா கேலியா என்ற கேள்விக்கு விடை தாளில் மட்டும் இல்லை.

முழக்கத்துக்கு முன் வரும் அமைதியில் இன்னொன்றையும் தேடுங்கள். புஷ்கினின் 'மறுபிறப்பு' என்ற கவிதைக்கு அதே காலத்தில் தாம் அமைத்த பாடலின் துணையிசையை ஷோஸ்தகோவிச் இங்கே ஹார்ப்பில் கொண்டு வருகிறார். மேதை ஒருவரின் ஓவியத்தின்மேல் காட்டுமிராண்டி ஒருவன் கரியைப் பூசுகிறான். ஆண்டுகள் போகப் போக அந்தப் பூச்சு உதிர, பழைய ஓவியம் வெளிப்படுகிறது என்பது கவிதை. 1937-ல் அரங்கில் இருந்தவர்களுக்கு இந்தப் பாடல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே இதை அன்றைய கேட்போரின் கண்ணீருக்குக் காரணமாக்கக் கூடாது.

கேட்டவர்கள் சொன்னதை எடைபோடுவது

ஒவ்வொரு சாட்சியத்துக்கும் தேதி போட்டு வையுங்கள். எழுத்தாளர் அலெக்சி தல்ஸ்தோய் 1937-லேயே ஓர் ஆளுமை உருவாகும் கதையென்று பாராட்டி எழுதினார். அதுவே அதிகாரபூர்வ விளக்கமாயிற்று. மற்றோர் எழுத்தாளரான ஃபதேயெவ், முடிவு வெற்றியாக ஒலிக்கவில்லை, தண்டனையாகவோ பழிவாங்கலாகவோ ஒலிக்கிறது என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். அது அவர் இறந்த பிறகே வெளிவந்தது. கம்பால் அடித்து மகிழச் சொல்வது போன்றது இந்த முடிவு என்று ஷோஸ்தகோவிச்சே கூறியதாகப் பலரும் மேற்கோள் காட்டுவது, அவர் இறந்து நான்கு ஆண்டுக்குப் பின் 1979-ல் சாலமன் வோல்கவ் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் வருவது. அந்த நூலின் நம்பகத்தன்மை இன்றும் சர்ச்சையில் இருக்கிறது. என் கணக்கில் ஃபதேயெவின் நாட்குறிப்புக்குத்தான் எடை அதிகம். யாருக்கும் காட்டுவதற்காக அவர் அதை எழுதவில்லை.

இதைவிட முக்கியமாக, அன்று மக்கள் அழுதது மூன்றாம் பகுதியில். எல்லோரும் முடிவைப் பற்றி வாதிடுகிறோம். அவர்களோ லார்கோவுக்கு அழுதார்கள். நள்ளிரவில் அழைத்துச் செல்லப்பட்டவருக்காக அவருடைய குடும்பம் வெளிப்படையாக அழுவதே ஆபத்தான ஆண்டு அது. 1980-களில் நம் தென்னாப்பிரிக்காவில், நிறவெறி ஆட்சியில், அரசியல் கூட்டங்களுக்குத் தடை வந்தபோது, சவ ஊர்வலங்களே கூட்டங்களாக மாறியதையும், அங்கே துக்கமும் எதிர்ப்பும் ஒரே பாட்டில் ஒலித்ததையும் நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. வேறுபாடும் பெரிது: இங்கே வாய்விட்டுப் பாடினார்கள்; லெனின்கிராதில் வார்த்தையே இல்லாத இசைக்கு மௌனமாக அழுதார்கள். இந்தப் படைப்பை வெறும் ரகசியக் குறியீடாகப் படிப்பவர்களோடும், வெறும் பணிவாகப் படிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இருவருமே லார்கோவைத் தாண்டி ஓடுகிறார்கள்.

கூடிக் கேட்க

தமிழ்ப் பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ சிலர் சேர்ந்து கேட்பதானால், வரலாற்றைச் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்து, இசை முடியும்வரை அவரைப் பேசவிடாதீர்கள். இறுதி முழக்கத்தை இரு பதிவுகளிலும், நடத்துபவர் பெயரைச் சொல்லாமல் ஒலிக்கவிட்டு, ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதியபின் பேச்சைத் தொடங்குங்கள். முதலில் பேசுபவரின் கருத்து மண்டபம் முழுவதும் பரவிவிடும் என்பதால் எழுதுவது அவசியம். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதினால் எழுதட்டும்.

குவாசூலு-நேட்டால் பில்ஹார்மோனிக் போன்ற இசைக்குழு இதை நேரில் வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தால், பதிவைவிட அதுவே மேல். லார்கோவில் பித்தளை வாத்தியக்காரர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பகுதிகளுக்கு நடுவே கைதட்டும் வழக்கமில்லை. லார்கோ முடிந்ததும் இருமுவதோ மிட்டாய்த் தாளைப் பிரிப்பதோ வேண்டாம். நான்காம் பகுதி அநேகமாக உடனே வெடிக்கும். முன்வரிசைச் சீட்டில் வயலின்கள் மற்றதை மறைத்துவிடும் என்பதால், விலை குறைந்த பின்வரிசையோ மாடியோ போதும்.