டீம் மீட்டிங்ல "எல்லாம் ஃபைன்"னு மட்டும் சொல்லிடாதீங்க (நியூ ஜெர்சிக்கு புதுசா வர்றவங்களுக்கு)

ஆட்டிசம், அடக்க முடியாத கோபம், ஸ்கூலுக்கு போகமாட்டேங்கறது, இப்படி மூணும் ஒண்ணா இருக்கற பிள்ளையோட இங்க வந்து இறங்கறவங்களுக்காக எழுதறேன். ஊர்ல என்ன பண்ணுவோம், நல்ல டாக்டர் ஒருத்தர பாப்போம், அவர் சொல்றதுக்கு தலையாட்டுவோம், மிச்சத்த பாட்டியும் சித்தியும் பாத்துப்பாங்க. இங்க தலையாட்டினா போச்சு.

முறைப்படி உள்ளது ரொம்ப ஈஸி. 21 வயசுக்குள்ள உள்ளவங்களுக்கு பெர்ஃபார்ம்கேர் (பிள்ளைகளுக்கான மாநில உதவிக்கெல்லாம் முதல்ல கூப்பிட வேண்டிய இடம்) மூலமா பதியணும், போன் 24 மணி நேரமும் எடுப்பாங்க. தேவை அதிகம்னு பட்டா உங்க கவுண்டிக்கான சிஎம்ஓ (கேர் மேனேஜ்மென்ட் ஆர்கனைசேஷன்) கிட்ட அனுப்புவாங்க, அங்கேருந்து ஒரு கேர் மேனேஜர் வருவாங்க, சைல்ட் ஃபேமிலி டீம் (குடும்பமும் உதவி பண்றவங்களும் சேர்ந்து பேசற குழு) கூட்டுவாங்க, பிள்ளைக்கு என்னென்ன உதவின்னு ஐஎஸ்பின்னு ஒரு பிளான் எழுதுவாங்க. ஸ்கூல்ல இருக்கற சைல்ட் ஸ்டடி டீமும் ஐஇபியும் (ஸ்கூல் போடற சிறப்புக் கல்வி பிளான்) வேற, பேரு ஒரே மாதிரி இருக்கேன்னு நான் ரெண்டு மாசம் குழம்பினேன், ஸ்கூல் ஆளையும் இந்த மீட்டிங்குக்கு கூப்பிடலாம்னு யாரும் முதல்ல சொல்லல.

இப்ப நான் மாட்டின கதை. முதல் மீட்டிங் எங்க வீட்டு டைனிங் டேபிள்ல. முந்தின நாள் ராத்திரி 11 மணி வரைக்கும் வீட்ட துடைச்சேன், சுண்டலுக்கு ஊறப்போட்டேன், பையன் குத்தி ஓட்டை போட்ட சுவர் மேல முருகன் காலண்டர மாட்டி மறைச்சேன். வர்றவங்க முன்னாடி மானம் போகக்கூடாதுல்ல! கேர் மேனேஜர் கேட்டாங்க, ராத்திரி தூங்கறானா, ம்ம். அடிக்கறானா, எப்பவாச்சும். உங்களுக்கு உதவிக்கு யார் இருக்கா, யாரும் இல்ல, நாங்களே பாத்துக்கறோம். வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து எவ்ரிதிங் ஃபைன்னு மூணு தடவை சொன்னார். அவங்களும் நாங்க சொன்னத அப்படியே எழுதினாங்க, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் ஒருத்தர் வீட்டுக்கு வருவார்னு பிளான் போட்டாங்க, நான் படிக்காமலே கையெழுத்து போட்டேன். மூணாவது வாரம் நடுராத்திரி ரெண்டு மணிக்கு என் கைய கடிச்சான், மொபைல் ரெஸ்பான்ஸ (அவசரத்துக்கு வீட்டுக்கே வர்ற குழு) கூப்பிட வேண்டியதாச்சு. அதே பெர்ஃபார்ம்கேர் நம்பர்தான், ஒரு மணி நேரத்துக்குள்ள ஆள் வரும்ங்கறதே அன்னிக்குதான் தெரியும். அப்பவும் வந்த பொண்ணுகிட்ட காபி சாப்பிடறீங்களான்னு கேட்டேன், கோவில்பட்டிக்காரி புத்தி.

குத்தம் எங்களோடதுதான், அவங்க கேக்கத்தான் செஞ்சாங்க. இந்த முறைக்கு ராப்அரவுண்ட்னு பேரு, அதுல 10 கொள்கை, முதல் கொள்கையே குடும்பத்தோட குரலும் தேர்வும்தான். அந்த டேபிள்ல நாம பேசலேன்னா பிளான்ல நம்ம வீடே இருக்காது. மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு வாரம் நோட்டுல எழுதி வைங்க, எத்தன மணிக்கு எழுந்தான், என்னத்த உடைச்சான், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு. இங்கிலீஷ் தடுமாறினா இன்டர்ப்ரெட்டர் கேளுங்க, பெரிய பிள்ளைய மட்டும் மொழிபெயர்க்க உக்கார வெக்காதீங்க, தம்பிய பத்தின கெட்டத அதுவே முழுங்கிடும். பிளான் சரியில்லேன்னா அடுத்த மீட்டிங் வரைக்கும் காத்திருக்காம நீங்களே டீம கூட்டச் சொல்லலாம்.

உதவிக்கு ஆளில்லன்னு சொன்னேன்ல, கீழ் வீட்டு மாமா சனிக்கிழமைதோறும் இவன்கூட கேரம் ஆடுவார். அவர்கிட்ட மட்டும் இவன் கத்தினதே கிடையாது. அதெல்லாம் ஒரு உதவியான்னு நினைச்சேன். இப்ப பிளான்ல அவர் பேரும் இருக்கு, கோபம் ஏறும்போது கேரம் போர்ட எடுத்து வெக்கணும்ங்கறது க்ரைசிஸ் பிளான்ல (நெருக்கடி வந்தா என்ன பண்ணணும்ங்கற பகுதி) ரெண்டாவது வரி, ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்.

ரெண்டாவது மீட்டிங்குக்கும் சுண்டல் பண்ணினேன். காலண்டர மட்டும் கழட்டி வெச்சேன்.