'பீட்டர்மாரிட்ஸ்பர்க்' கண்ணிவாரிக் கப்பல்: 1:200 மாதிரி செய்யும் முறை

முதல் மாதிரிக்குப் பெரிய போர்க்கப்பல் வேண்டாம். கடலில் பதித்த வெடிகண்ணிகளை அகற்றும் சிறிய கப்பலான கண்ணிவாரியே போதும், அதுவும் நம் தென்னாப்பிரிக்கக் கப்பல். இரண்டாம் உலகப் போரின் நார்மண்டி தரையிறக்கத்தில் கண்ணி வாரிய பிரிட்டனின் 'பெலோரஸை' 1947இல் தென்னாப்பிரிக்கா வாங்கி இந்தப் பெயர் வைத்தது. 1994இல் சைமன்ஸ் டவுன் அருகே மில்லர்ஸ் பாயிண்டில் அதை மூழ்கடித்தார்கள்.

1. அளவு: அசல் நீளம் 225 அடி, அகலம் 35.5 அடி. நம் மாதிரிக்கு 34.3 செ.மீ., 5.4 செ.மீ. இந்தக் கப்பல் சேர்ந்த ஆல்ஜெரின் வகையின் வரைபடத்தை இந்த நீளத்துக்கு அச்செடுங்கள்.

2. உடல்: நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதி மட்டும் போதும். 6 மி.மீ. பால்சா என்ற மெல்லிய இலேசான மரப்பலகையை அடுக்கடுக்காக ஒட்டுங்கள். முன்தளம் புகைபோக்கியையும் தாண்டி நீளும். பின்தளம் அதைவிட ஒரு மட்டம் தாழ்வு. வெள்ளைப் பசையின் ஈரத்தில் பால்சா வளையும், டர்பன் கோடையில் இன்னும் மோசம். அதனால் சமமான பலகையில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விடுங்கள். உப்புத்தாளால் தேய்த்து, மரத்தின் கோடுகள் மறையும்வரை அடிப்பூச்சும் தேய்ப்பும் மாறிமாறித் தொடரட்டும்.

3. மேல்கட்டு: பாலம் (கப்பலைச் செலுத்தும் மேடை), அதன் பின்னே ஒற்றைப் புகைபோக்கி, முன்னே 4 அங்குலப் பீரங்கி ஒன்று. அட்டையில் செய்யலாம்.

4. பின்தளம்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும், கண்ணிவாரிக்கு உயிரே இதுதான். வடம் சுற்றும் வின்ச்சிலிருந்து கப்பலின் பின்முனை வரை பாதை திறந்திருக்க வேண்டும். அதை அடைத்து எதையும் ஒட்டினால் வடம் ஓட இடமிருக்காது. இரு மூலைகளிலும் மிதவையைத் தூக்கும் டேவிட் என்ற வளைந்த தூக்குக்கை, 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்தால் ஆயிற்று.

அடுத்து மூன்று பொருள்கள். நீரின் மேல் மிதப்பது மிதவை: தீக்குச்சியின் இரு நுனியையும் கூராக்குங்கள். அதன் கீழே தொங்கி வடத்தைப் பக்கவாட்டில் இழுப்பது ஒட்டர்: 7 மி.மீ. சட்டத்துக்குள் நான்கு அட்டைப் பட்டைகளைச் சன்னல் சிறகுகள்போலச் சாய்த்து ஒட்டுங்கள். கப்பலுக்கு அருகே வடத்தை ஆழத்தில் நிறுத்துவது கைட். அதே வடிவம்தான், படுக்கையாகப் போகும். இவற்றுக்கு நடுவே இழுபடும் வடத்தில் கத்திகள் இருக்கும். அவை நங்கூரக் கயிற்றை அறுத்ததும் கண்ணி மேலே வரும், சுட்டு அழிப்பார்கள்.

5. வடம்: சாம்பல் நிறத் தையல் நூலை மெழுகில் இழுத்துப் பிசிறை அடக்குங்கள். சூப்பர் குளூ அதிகமானால் சுற்றிலும் வெண்படலம் படியும், ஊசிமுனை அளவே வையுங்கள். பெயின்ட் முழுதும் காய்ந்த பிறகே வடத்தைக் கட்டுங்கள்.