வைரஸ் வந்த போனில் முதலில் கை வைக்கும் தம்பிகளுக்கு

வேலூர், காட்பாடிக் கடைகளில் மொபைல் சர்வீஸ் கற்றுக்கொள்ள வரும் தம்பிகள் டிஸ்பிளே மாற்றுவதைச் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். வைரஸ் வந்த போன் மேசைக்கு வந்தால்தான் ஒருவர் பின் ஒருவராக அதே சில இடங்களில் சறுக்குகிறார்கள். கண்ட லிங்க்கைத் தொடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

வந்தவுடன் ரீசெட் அடிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அணைக்கட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு, வண்டிக்கு அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை நேரடியாக இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) வந்தது. இன்ஸ்டால் செய்து, கேட்ட பெர்மிஷனையெல்லாம் கொடுத்துவிட்டார். கணக்கிலிருந்து பணம் போக ஆரம்பித்ததும் நேராக ஒரு கடைக்கு ஓடினார். அங்கிருந்த தம்பி போனில் உள்ளதையெல்லாம் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் அடித்து, "க்ளீன் ஆயிடுச்சு ஐயா" என்று 300 ரூபாய் வாங்கிக்கொண்டான். போன் சுத்தம்தான். பேங்க் எஸ்எம்எஸ், அந்த ஃபைல், அனுப்பிய நம்பர் எல்லாமும் அதோடு போயிற்று. பிரச்சினை முடிந்தது என்று நம்பி வீட்டுக்குப் போனவர், பேங்க்கில் சொல்ல ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போன பணத்தை யார் ஏற்பது என்பதே அந்த நாட்களைப் பொறுத்தது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, நம் தவறும் பேங்க்கின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்தால், பேங்க் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் இழப்பு நம்மீது வராது. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் நம் தலையில். வாடிக்கையாளரே ஓடிபியைச் சொல்லியிருந்தால் புகார் வரை போனது அவர் இழப்பு, அதற்குப் பிறகு போவது பேங்க்கின் இழப்பு. ஆப் திருடிய ஓடிபி யார் கணக்கு என்று வாதம் வரும்போது ஆதாரம் கையில் இருக்க வேண்டாமா?

அதனால் முதலில் டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள். சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டு, அங்கேயே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் பேங்க்குக்கும் போன்காரரையே பேச வையுங்கள். மெசேஜ்களைப் போட்டோ எடுங்கள். அப்புறம் ரீசெட்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து காந்தி ரோடு லாட்ஜில் தங்குபவர்களுக்கு ஆபரேஷன் பணமே அந்தப் போனில்தான் இருக்கும். மொழி புரியவில்லை என்று அவசரமாக அழித்து அனுப்பிவிடாதீர்கள். 1930 நாடு முழுக்க ஒரே நம்பர்.

பேக்கப்பை அப்படியே ஏற்றுவது

வாட்ஸ்அப் ஃபோல்டரோடு அதே ஏபிகேவும் திரும்பி வரும்.

கிளீனர் ஆப்

போடாதீர்கள்.

ஆன்டிவைரஸ் சந்தா விற்பது

ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்கெனவே இருக்கிறது. மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. உண்மையான ஓட்டை, கம்பெனி அப்டேட்டை நிறுத்துவதில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் தரவேண்டும் என்று விதித்திருக்கிறது. இங்கேயும் அந்தச் செலவு கம்பெனியுடையதாகத்தான் இருக்க வேண்டும். பீடி சுற்றிச் சேர்த்த காசில் போன் வாங்கிய அக்காவிடம் அதைச் சுமத்துவது அநியாயம். செய்த வேலைக்கு மட்டும் கூலி வாங்குங்கள். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பேட்ச் தேதியை, அதாவது கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைக் காட்டுங்கள். ரொம்பப் பழையதாக இருந்தால், ஜிபேயை வீட்டிலுள்ள புதிய போனுக்கு மாற்றச் சொல்லுங்கள்.